வாழாவெட்டி என்ற சொல்லும் ‘ஓ மை கடவுளே’ படமும்

ஆசிரியர் தினத்துக்கு வாழ்த்துச் சொன்ன எல்லோருக்கும் நன்றி. “ரிட்டயர் ஆன பிறகு பொழுது எப்படிப் போகுது டீச்சர்?” என்று பலர் கேட்டிருந்தீர்கள். காலையில் செடிகளுக்குத் தண்ணீர், மத்தியானம் பேப்பர், சாயங்காலம் சினிமா. போன லீவுக்கு வந்த பேரன் டிவியில் என்னென்னவோ போட்டுக் கொடுத்துவிட்டுப் போய்விட்டான். அதனால் பூலாம்பாடியில் உட்கார்ந்தபடியே எல்லாப் படமும் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

இன்று ஒரு படத்தைப் பற்றி எழுதலாம் என்று உட்கார்ந்தேன். எழுத எழுதப் படத்தை விட்டு வெளியேயும் போய்விட்டது. நீளமான பதிவு. அடுப்பில் பால் வைத்திருந்தால் இறக்கி வைத்துவிட்டு வந்து படியுங்கள்.

படத்தின் பெயர் ‘ஓ மை கடவுளே’. 2020 பிப்ரவரி 14, காதலர் தினத்தன்று வந்த படம். அஸ்வத் மாரிமுத்துவுக்கு அது முதல் படம். ‘டிராகன்’ எடுத்தாரே, அவர்தான். பெரிய நட்சத்திரக் கூட்டமோ, நூறு பேர் ஆடும் பாட்டோ கிடையாது. அசோக் செல்வன், ரித்திகா சிங், வாணி போஜன் நடித்த சின்னப் படம். விஜய் சேதுபதி சிறிது நேரம் கடவுளாக வருகிறார்.

பார்க்காதவர்களுக்குக் கதையைச் சொல்லிவிடுகிறேன். சின்ன வயதிலிருந்து சிநேகமாக இருக்கிற அர்ஜுனும் அனுவும் கல்யாணம் செய்துகொள்கிறார்கள். கேட்டது அனு. இவனும் பெரிதாக யோசிக்காமல் தலையாட்டிவிடுகிறான். மாமனார் எம்.எஸ். பாஸ்கர் வெஸ்டர்ன் டாய்லெட் தயாரிக்கிற கம்பெனி வைத்திருக்கிறார். மாப்பிள்ளைக்கு அங்கே தரம் பார்க்கிற வேலை. எப்படித் தரம் பார்ப்பது? உட்கார்ந்துதான். விழுந்து விழுந்து சிரித்தேன். போகப் போகச் சண்டை முற்றி, ஒரு வருடத்துக்குள் இருவரும் குடும்ப நீதிமன்ற வாசலில் நிற்கிறார்கள். அந்த நேரத்தில் கடவுள் அர்ஜுன் கையில் தங்க டிக்கெட் ஒன்றைக் கொடுத்து, “மறுபடி ஆரம்பி” என்கிற மாதிரி அனுப்பி வைக்கிறார். அவன் பழைய நாளுக்கே போகிறான். இந்தத் தடவை அனுவைக் கட்டிக்கொள்ளவில்லை. மனைவி ஆகாத அனுவைத் தள்ளி நின்று பார்க்கிறான். அவள் யார், அவள் அப்பா யார், தான் கேலி செய்த அந்த வேலைக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதெல்லாம் அப்போதுதான் புரிகிறது. கடைசியில் அவளிடமே வந்து சேர்கிறான்.

நல்ல படம். இத்தனை வருடம் பக்கத்தில் இருந்தவளை அவன் ‘மனைவி’ என்ற நாற்காலியிலிருந்து இறக்கிப் பார்த்தபோதுதான் மனுஷியாகத் தெரிந்தாள். இதைச் சிரிக்க வைத்துச் சொன்ன இயக்குநரின் கையைப் பிடித்துப் பாராட்டலாம்.

ஆனால் நான் அந்தப் படத்தைத் தனியாகப் பார்க்கவில்லை. அங்கேதான் விஷயம் இருக்கிறது.

என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த பெண் ஒருத்தி. அவளிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். பெயர் சொல்ல மாட்டேன். வேலை, வருடம் எல்லாவற்றையும் மாற்றிவிட்டேன். யார் என்று தேட வேண்டாம். கல்யாணமாகி வெளியூரில் ஆறு வருடம் இருந்தாள். ஒத்துவரவில்லை. இரண்டு பேரும் பேசி, சம்மதித்து, கோர்ட்டில் விவாகரத்து வாங்கிவிட்டார்கள். அவள் இப்போது அம்மா வீட்டிலிருந்து தினமும் பெரம்பலூருக்கு பஸ்ஸில் வேலைக்குப் போய் வருகிறாள். சின்ன வயதிலேயே சிரிப்புக்காரி. பாதி வகுப்பைச் சிரிக்க வைத்துவிட்டுத் தான் மட்டும் முகத்தை உம்மென்று வைத்துக்கொள்கிற ரகம்.

ஒருநாள் அவள் அம்மா வந்தார். சின்ன மகளுக்கு வளைகாப்பு வைத்திருந்தார்கள். பத்திரிகை கொடுக்கத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டு மெல்ல ஆரம்பித்தார். “டீச்சர், நீங்க சொன்னா கேப்பா. பெரியவளைக் கொஞ்சம் அடக்கமா இருக்கச் சொல்லுங்க. யார் வந்தாலும் சத்தமா சிரிச்சுப் பேசுறா. இப்படி வந்து உக்காந்திருக்கிறவளுக்கு எப்படித்தான் சிரிப்பு வருதோன்னு ஜனங்க கேக்குது. சம்பந்தி வீட்டுல என்ன நினைப்பாங்க?”

முப்பத்தைந்து வருடம் பிள்ளைகளைப் பார்த்து “சிரிக்காதே” என்று சொன்னவள்தான் நான். அது கணக்கு நடத்தும்போது. ஒரு பெண்ணைப் பார்த்து, இனிமேல் சிரிக்காதே என்று சொல்வதற்கு எனக்கு எந்தப் பயிற்சிப் பள்ளியிலும் சொல்லிக் கொடுக்கவில்லை. அம்மாவிடம் அதைச் சொன்னேன். அவர் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கெட்டவர் இல்லை, பயந்தவர். “ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ரெண்டு பேரும் வீட்டுக்கு வாங்க, சேர்ந்து ஒரு படம் பாக்கலாம்” என்று சொல்லி அனுப்பினேன். அப்படித்தான் மூன்று பேரும் உட்கார்ந்து இந்தப் படத்தைப் பார்த்தோம்.

டாய்லெட் கம்பெனிக் காட்சியில் அம்மாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. மகளும் சிரித்தாள். கடைசியில் அர்ஜுனும் அனுவும் சேர்ந்ததும் அம்மா பெருமூச்சு விட்டு, “இந்த மாதிரி இவளும் சேந்துட்டா எவ்வளவு நல்லாருக்கும்” என்றார்.

மகள் கோபப்படவில்லை. கீழே சிந்தியிருந்த பொரியைப் பொறுக்கித் தட்டில் போட்டுக்கொண்டே சொன்னாள். “அம்மா, படத்துல அவனுக்கு சாமி தங்க டிக்கெட் கொடுத்துச்சு. எனக்கு கோர்ட்டுல சீல் போட்டு ஒரு பேப்பர் கொடுத்தாங்க. அதான் என் டிக்கெட். நீதான் அதை பீரோவுல துணிக்கு அடியில ஒளிச்சு வெச்சிருக்க.”

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. பார்த்த சினிமாக்களை எல்லாம் மனதுக்குள் வரிசைப்படுத்திக்கொண்டு படுத்திருந்தேன்.

‘மௌன ராகம்’ 1986-ல் வந்தது. டெல்லிக்குக் கல்யாணமாகிப் போன திவ்யா, கணவன் என்ன பரிசு வேண்டும் என்று கேட்டால் விவாகரத்து வேண்டும் என்கிறாள். கல்யாணமாகி ஒரு வருடம் ஆகாமல் மனுப் போட முடியாது என்பதால் ஒரே வீட்டில் காத்திருக்கிறார்கள். இது கதைக்காகச் செய்த ஏற்பாடு என்று நினைக்காதீர்கள். 1955-ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டத்தின் 14-ஆவது பிரிவு பொதுவாக அப்படித்தான் சொல்கிறது. அந்த ஒரு வருடத்துக்குள் மனம் மாறி, ரயில்வே ஸ்டேஷனில் சேர்ந்துவிடுகிறார்கள். போன 2025-ல் வந்த ‘தலைவன் தலைவி’யும் அப்படித்தான். விஜய் சேதுபதியும் நித்யா மேனனும் படம் முழுக்கச் சண்டை போட்டுச் சிரிக்க வைத்து, கடைசியில் சேர்ந்துகொள்கிறார்கள். நம் ஊரில் விவாகரத்தை வைத்துச் சிரிக்க வைத்த படம் என்றால், முடிவு பெரும்பாலும் அதே மாப்பிள்ளைதான்.

நம் ஊர் மட்டும்தான் இப்படியா என்றால், இல்லை. கனடாவில் இருக்கும் என் பழைய மாணவன் சினிமா பைத்தியம். அவனிடம் கேட்டேன். அமெரிக்காவிலும் 1930களில், 40களில் இந்த வகைப் படங்கள் நிறைய வந்தனவாம். விவாகரத்து வாங்கிய ஜோடியே படம் முழுக்க வம்படித்துவிட்டு முடிவில் மறுபடி சேர்வது. ‘தி ஆஃபுல் ட்ரூத்’ என்று 1937 படம் ஒன்றை அனுப்பினான். பார்த்தேன், சிரித்தேன். அங்கேயும் அதே மாப்பிள்ளை!

சரி, சேராமல் போன பெண்கள் நம் சினிமாவில் என்ன ஆனார்கள்? கே. பாலசந்தரின் ‘அவர்கள்’ 1977-ல் வந்தது. எங்கள் வயதுப் பெண்கள் அதைப் பார்த்துவிட்டு எத்தனையோ நாள் பேசிக்கொண்டிருந்தோம். சுஜாதா நடித்த அனு, கொடுமைக்காரக் கணவனிடமிருந்து விவாகரத்து வாங்கிக் குழந்தையோடு வேலைக்குப் போகிறாள். கணவனின் அம்மாவே தான் யார் என்று சொல்லாமல் அந்தக் குழந்தைக்கு ஆயாவாக வந்து சேர்கிறார். கமல் தன் மனதில் இருப்பதைச் சொல்லத் தைரியமில்லாமல் பொம்மையைப் பேச வைக்கிறார். சிரிப்பெல்லாம் அந்தப் பொம்மைக்குத்தான். அனு கடைசியில் யாரும் வேண்டாம் என்று ரயில் ஏறுகிறாள். ‘மனதில் உறுதி வேண்டும்’ 1987. விவாகரத்தான நர்ஸ் நந்தினி, விட்டுப்போன அந்தக் கணவனுக்கே சிறுநீரகம் கொடுக்கிறாள். பாலு மகேந்திராவின் ‘மறுபடியும்’ 1993. கணவன் இன்னொருத்தியிடம் போய்விட, ரேவதி நடித்த துளசி தன் காலில் நிற்கிறாள். திரும்பி வந்த கணவனும் வேண்டாம், நல்லவனாக நிற்கிற நண்பனும் வேண்டாம் என்று சொல்லி, வேலைக்காரப் பெண்ணின் மகளை வளர்க்கப் போகிறாள்.

மூன்றும் மரியாதையான படங்கள். எங்கள் தலைமுறைப் பெண்களுக்கு முதுகெலும்பு கொடுத்த படங்கள். ஆனால் வரிசையாக நிறுத்தி வைத்துப் பாருங்கள். ஒருத்தி ரயில் ஏறுகிறாள், ஒருத்தி சிறுநீரகம் கொடுக்கிறாள், ஒருத்தி அடுத்தவர் பிள்ளையை வளர்க்கிறாள். பிரிந்து வந்தவளை மதிக்க வேண்டும் என்றால் அவள் தியாகம் செய்தாக வேண்டும். ‘வேட்டையாடு விளையாடு’ (2006) படத்தில் ஜோதிகாவுக்கு விவாகரத்துக்குப் பிறகு நல்ல கல்யாணம் ஒன்று கிடைத்தது. அது போலீஸ் படம். அவர் சிரிப்பதற்குள் நாம் கொலைகளை எண்ணிக்கொண்டிருந்தோம்.

கனடா மாணவன் இன்னொரு படமும் அனுப்பினான். ‘அன் அன்மேரிட் வுமன்’, 1978. ‘அவர்கள்’ வந்த அடுத்த வருடம். நியூயார்க்கில் புருஷன் விட்டுப்போன ஒரு பெண். முதலில் அழுகிறாள், பிறகு தோழிகளோடு உட்கார்ந்து கதை பேசிச் சிரிக்கிறாள். ஓவியர் ஒருவரைப் பிடித்தும் போகிறது. கோடையில் தன்னோடு வந்து இரு என்று அவர் கூப்பிட்டால், எனக்கு இங்கே என் வாழ்க்கை இருக்கிறது என்று நின்றுவிடுகிறாள். அவர் தன் பெரிய ஓவியம் ஒன்றை அவள் கையில் கொடுத்துவிட்டுப் போகிறார். ஆள் உயரத்தைவிடப் பெரிய அந்தப் படத்தைக் காற்று அலைக்கழிக்க, கூட்டத்துக்கு நடுவே தூக்கிக்கொண்டு அவள் தெருவில் நடக்கிறாள். அதோடு படம் முடிகிறது. பார்க்கக் கொஞ்சம் வேடிக்கையாகவும் இருக்கும், கண்ணும் கலங்கும். இப்படி ஒரு முடிவு நம் தமிழில் ஒரு சின்னப் படத்திலாவது வந்தால் தேவலை என்று தோன்றியது.

இனி அந்தச் சொல்லுக்கு வருகிறேன். வாழாவெட்டி.

சொல்லைப் பிரித்துப் பார்ப்பது வாத்தியார் புத்தி. நம் பேச்சில் பெண்ணுக்கு ‘வாழ்வது’ என்றால் புருஷன் வீட்டில் இருப்பது. வாழ்க்கைப்பட்டாள், வாழப் போனாள், வாழாமல் வந்துவிட்டாள். ஆணுக்கு இந்தச் சொற்கள் இல்லை. அவன் எங்கே இருந்தாலும் வாழ்கிறான். அவள் மூச்சு விட்டாலும், சம்பாதித்தாலும், அம்மாவுக்கு மாத்திரை வாங்கி வந்தாலும், வாழாதவள். வாழாதவள் எப்படிச் சிரிப்பாள்? “எப்படித்தான் சிரிப்பு வருதோ” என்ற கேள்வி இந்தச் சொல்லுக்குள்ளிருந்துதான் வருகிறது. அந்த அம்மாவும் சம்பந்தி வீடும் அதைப் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை.

நம் பூலாம்பாடி கணக்கையே பாருங்கள். மலேசியா, சிங்கப்பூர் என்று பிழைக்கப் போனவர்கள் இங்கே எத்தனை பேர்! கல்யாணமாகி மூன்று மாதத்தில் விமானம் ஏறி, ஆறு வருடம், எட்டு வருடம் முகம் காட்டாத மாப்பிள்ளைகளை எனக்குத் தெரியும். பெண் இங்கே தனியாக மாமனார் மாமியாரைப் பார்த்து, பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க அவளே என்னிடம் வந்து கையெழுத்துப் போடுவாள். அவளை யாரும் வாழாவெட்டி என்று சொன்னதில்லை. பணம் வந்துகொண்டிருந்தது, போன் வந்துகொண்டிருந்தது, அதனால் அவள் வாழ்கிறவள். அதே மாதிரி தனியாக இருந்து, அதே வேலைகளைச் செய்து, கோர்ட் பேப்பர் ஒன்று கையில் வைத்திருப்பவள் மட்டும் வாழாதவள். இருவருடைய அன்றாடத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் அந்தத் தாள் மட்டும்தான்.

“அந்தக் காலத்தில் இதெல்லாம் உண்டா?” என்று கேட்கும் பெரியவர்களுக்கு ஒரு வார்த்தை. உண்டு. ‘அறுத்துக் கட்டுவது’ என்ற பேச்சை நீங்களே கேட்டிருப்பீர்கள். ஒத்துவராவிட்டால் பெரியவர்களைக் கூட்டிப் பேசித் தீர்த்து, பெண்ணுக்கு வேறு இடத்தில் தாலி கட்டி வைக்கும் வழக்கம் தமிழ்நாட்டில் எத்தனையோ சமூகங்களில் இருந்தது. 1955 சட்டம் வந்தபோதுகூட, அப்படி வழக்கப்படி பிரிந்துகொள்ளும் உரிமையை 29-ஆவது பிரிவில் அப்படியே விட்டு வைத்தது. அதற்கு முன்பே, 1949-ல், சென்னை மாகாணத்தில் இந்துக்களுக்கு விவாகரத்துச் சட்டம் வந்துவிட்டது. இருவரும் சம்மதித்துப் பிரியலாம் என்ற பிரிவு 1976-ல் சேர்ந்தது. ஒரு வருடம் பிரிந்திருக்க வேண்டும், மனுப் போட்ட பிறகு ஆறு மாதம் பொறுக்க வேண்டும். தேவையில்லாத இடத்தில் அந்த ஆறு மாதத்தை நீதிமன்றம் தள்ளுபடி செய்யலாம் என்று 2017-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. விவாகரத்தானவர் மறுமணம் செய்துகொள்ளலாம் என்று 15-ஆவது பிரிவு சொல்கிறது. எழுதப் படிக்கத் தெரியாத நம் பாட்டிகளின் காலத்தில் இருந்த வழி அது. படித்து, கெளரவம் பார்க்கக் கற்றுக்கொண்ட பிறகு நாம்தான் அந்த வழியில் முள்ளை வெட்டிப் போட்டோம்.

எல்லோரும் பிரிய வேண்டும் என்று நான் சொல்லவில்லை. சண்டை போட்டுச் சேர்ந்து, பேரன் பேத்தி எடுத்த ஜோடிகள் என் மாணவர்களிலேயே இருக்கிறார்கள். அர்ஜுன், அனு மாதிரி சேருகிறவர்கள் நன்றாக இருக்கட்டும். சேராதவர்களும் நன்றாக இருக்கட்டும் என்றுதான் சொல்கிறேன். மறுபடி ஆரம்பிப்பது என்றால் பழைய வீட்டுக்கே போவது என்று ஒரே ஒரு அர்த்தம் மட்டும் இருக்கக் கூடாது. உடனே இன்னொரு மாப்பிள்ளை பார்ப்பது என்றும் இருக்கக் கூடாது. காலையில் எழுந்து, டிபன் கட்டிக்கொண்டு, பஸ்ஸில் ஜன்னல் ஓரம் இடம் பிடித்து, பக்கத்து சீட்டுக்காரியிடம் ஒரு கதை சொல்லிச் சிரிப்பதும் மறுபடி ஆரம்பிப்பதுதான்.

வளைகாப்பு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். நானும் போயிருந்தேன். வரிசையாகச் சுமங்கலிகளைக் கூப்பிட்டுச் சந்தனம் பூசி வளையல் போட வைத்தார்கள். பெரியவள் சாப்பாட்டுப் பந்தியில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். அவளைக் கூப்பிடுவார்கள் என்று அவளும் எதிர்பார்க்கவில்லை, அவள் அம்மாவும் வாய் திறக்கவில்லை. கர்ப்பிணிப் பெண்தான் திடீரென்று, “அக்கா எங்க? அக்கா வந்து போட்டாத்தான் நான் எந்திரிப்பேன்” என்று கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். கொஞ்ச நேரம் ஒருவரும் பேசவில்லை. பெரியம்மா முறை உள்ளவர் ஒருவர் எழுந்து பந்திக்குப் போய்விட்டார். பெரியவள் ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்தாள். தங்கையின் கை வீங்கியிருந்ததால் வளையல் ஏறவில்லை. “என்னடி, பிள்ளை வயித்துலயா, கையிலயா?” என்றாள். சம்பந்தியம்மாதான் முதலில் சிரித்தார்.

அந்தப் பெரியம்மா இன்னும் முகம் கொடுத்துப் பேசுவதில்லையாம். அம்மாவும் இன்னும் முழுதாக மாறவில்லை. யாராவது வந்தால், “வேற நல்ல இடம் வந்தாச் சொல்லுங்க” என்று மகளுக்குக் கேட்காத குரலில் சொல்கிறாராம். மகளுக்குக் கேட்கிறது. அவள் இப்போதைக்கு அதைப் பற்றி முடிவு எதுவும் செய்யவில்லை, அவசரமும் இல்லை என்கிறாள். பீரோவில் இருந்த பேப்பரை எடுத்து, பிளாஸ்டிக் உறை போட்டு, பத்தாம் வகுப்புச் சான்றிதழோடு ஒரே ஃபைலில் வைத்துவிட்டாளாம்.

என் பிள்ளைகளே, உங்களில் பலருக்கு இப்போது நாற்பது, ஐம்பது வயது. உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு தங்கை, ஒரு நாத்தனார், ஒரு மகள் திரும்பி வந்திருக்கலாம். வந்திருந்தால் மூன்று விஷயம் மட்டும் செய்யுங்கள். அந்தச் சொல்லை வீட்டுக்குள் யாரும் சொல்ல விடாதீர்கள். விசேஷங்களில் ஆரத்தித் தட்டை அவள் கையிலும் கொடுங்கள். அவள் சிரித்தால் என்ன ஜோக் என்று கேட்டு நீங்களும் சேர்ந்து சிரியுங்கள். ஆண் பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். பிரிந்து வந்த தம்பி ராத்திரி மொட்டை மாடியில் தனியாக உட்கார்ந்திருந்தால், போய்ப் பக்கத்தில் உட்காருங்கள்.

உங்களில் குறும்படம் எடுக்கிற பையன்கள் இரண்டு பேர் இருக்கிறீர்கள், எனக்குத் தெரியும். ஒரு வேலை கொடுக்கிறேன். விவாகரத்து வாங்கி ஊருக்குத் திரும்பி வந்த பெண்ணை வைத்து, கடைசி வரை சிரிக்க வைக்கிற மாதிரி ஒரு கதை எழுதுங்கள். பழைய புருஷன் திரும்பி வரக் கூடாது. தியாகம் கூடாது. ரயிலும் வேண்டாம். பெரம்பலூர் பஸ் போதும். எழுதி எனக்கு அனுப்புங்கள், எழுத்துப் பிழை பார்த்துத் தருகிறேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்,
பூலாம்பாடி